மூன்றாவது மனு: விமானம் ரத்தானால் உடனே சொல்ல ஒரு விதி வேண்டும்

அனுப்புநர்:
துவாஸ் தங்கும் விடுதியில் வசிக்கும் கப்பல் பட்டறைத் தொழிலாளி

பெறுநர்:
விமானப் பயணிகளின் குறைகளைக் கவனிக்கும் அதிகாரி அவர்கள், சிங்கப்பூர்

பொருள்: சாங்கியிலிருந்து திருச்சி செல்லும் விமானம் ரத்தானது, முன்பு அனுப்பிய இரண்டு மனுக்களுக்குப் பதில் இல்லாதது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். முதல் மனுவை இணையத்தில் அனுப்பினேன், ஒரு எண் வந்தது. இரண்டாவதைத் தபாலில் அனுப்பினேன், எண்கூட வரவில்லை. தங்களுக்கு வேலைப்பளு அதிகம் என்பது தெரியும். ஆகவே இந்த முறை ஒரே விஷயத்தை மட்டும், நடந்தபடியே எழுதுகிறேன். தயவுசெய்து முழுவதும் படிக்கவும்.

1. அக்கா மகளுக்குக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. ஞாயிற்றுக்கிழமை காலை 9.30க்கு முகூர்த்தம். நான்தான் தாய்மாமன், எனக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை வேறு யாரும் இல்லை. பிள்ளையை யார் மடியில் வைத்துக் காது குத்துவார்கள் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனி மாறி இரண்டாம் வருடம் என்பதால் எனக்கு லீவு 8 நாள்தான். வேலைவாய்ப்புச் சட்டத்தில் முதல் வருடம் 7 நாள், பிறகு வருடத்துக்கு ஒன்று கூடும். அந்த எட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வியாழன் இரவு 10.40 விமானத்துக்குச் சாங்கி போனேன்.

2. குடிநுழைவைத் தாண்டி உட்கார்ந்த பிறகு, 9.50க்கு விமானம் ரத்து என்று குறுஞ்செய்தி வந்தது. 'இயக்கக் காரணங்களால்' என்று இரண்டே சொல். மழை இல்லை, காற்று இல்லை. இன்னொரு நிறுவனத்தின் திருச்சி விமானம் அன்று இரவே கிளம்பிப் போனது. அதில் ஏற்றிவிடுங்கள் என்று கேட்டோம். 'அது வேற ஏர்லைன்' என்றார்கள். அது எங்களுக்குத் தெரியாதா?

3. என்னை இன்றைக்கும் தூங்கவிடாத விஷயம் இது. இரவு 11 மணிக்கு, 'காலையில் சொல்கிறோம்' என்றார்கள். வெள்ளி காலை 7 மணிக்கு, '10 மணிக்குச் சொல்கிறோம்'. 10 மணிக்கு, 'மதியம்'. மதியம் கவுண்டரில் ஆளே இல்லை. மாலை 6.20க்கு வந்து, 'ஞாயிறு இரவுதான், வேண்டாம் என்றால் பணம் திரும்ப வரும், 6 முதல் 8 வாரம் ஆகும்' என்றார்கள். ஐயா, வியாழன் இரவே 'ஞாயிறுதான்' என்று சொல்லியிருந்தால் விடுதி நண்பர்களிடம் கடன் வாங்கியாவது வேறு டிக்கெட் எடுத்திருப்பேன். வெள்ளி மாலை விசாரித்தபோது சனிக்கிழமை திருச்சிக்கு ஒரு இடம்கூட இல்லை.

விடுதிக்குத் திரும்பியிருக்கலாமே என்று கேட்கலாம். சாங்கி இந்தத் தீவின் ஒரு முனை, துவாஸ் மறு முனை. நள்ளிரவுக்குப் பிறகு ரயில் இல்லை. டாக்சி எடுத்தால் காலை 6 மணி வரை மீட்டருக்கு மேல் பாதி கூடுதல். அதுவுமில்லாமல், 'காலையில் சொல்கிறோம்' என்றவர்களை விட்டுவிட்டு எப்படிப் போவது? இரவு முழுவதும் நாற்காலியில்தான் இருந்தேன். இங்கே தேக்கா கடைத்தெருவில் வாங்கிய தங்கத் தோடு சட்டைப் பையில் இருந்தது, சிவப்புச் சுருக்குப்பையில். விடியும்வரை அதன் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. அவர்கள் கொடுத்தது ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு பிஸ்கட் பாக்கெட்.

ஞாயிறு மதியம் 12 மணிக்கு, அங்கே 9.30 ஆகும்போது, நான் விடுதிக் கட்டிலில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். கோயில் திண்ணையில் செம்புக்குச் சாய்த்து போனை வைத்திருந்தார்கள். ஒன்றுவிட்ட தம்பி மடியில் பிள்ளை. ஆசாரி கையில் ஊர்க் கடையில் வாங்கிய வேறு தோடு. பிள்ளை அழுதது கேட்டது, அப்புறம் சிக்னல் போய்விட்டது.

4. உடன்படிக்கை ஒன்று இருக்கிறதே என்று தாங்கள் எழுதலாம், எழுதினால். நாடுகளுக்கிடையேயான விமானப் பயணம் பற்றிய 1999 மான்ட்ரியல் உடன்படிக்கையில் சிங்கப்பூரும் உண்டு, இந்தியாவும் உண்டு. அதன்படி தாமதத்தால் வந்த நஷ்டத்தை நான்தான் ரசீதோடு நிரூபிக்க வேண்டும். மடிக்கு ரசீது எங்கே போய் வாங்குவது? சிறு வழக்குகளுக்கான நடுவர் மன்றத்தில் 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை, சரி. ஆனால் அதுவும் வேலை நாளில்தான். அதற்கு லீவு யார் தருவார்?

5. ஜோகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவில் 2016 முதல் விமானப் பயணிகள் பாதுகாப்பு விதித்தொகுப்பு இருக்கிறது. 2 மணி நேரம் தாமதமானால் உணவு, 5 மணி நேரம் தாண்டி இரவு தங்க வேண்டி வந்தால் விடுதி அறை, 30 நாளில் டிக்கெட் பணம் திரும்ப. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து கிளம்பும் விமானம் எந்த நாட்டு நிறுவனத்துடையதாக இருந்தாலும், கடைசி நேரத்தில் நிறுவனத்தின் பிழையால் ரத்தானால் தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ. இந்தியாவிலும் 5,000 முதல் 10,000 ரூபாய் வரை விதி உண்டு. இங்கே அப்படித் தொகை குறித்த சட்டம் இல்லை. டிக்கெட்டின் பின்னால் நிறுவனம் எழுதிவைத்த நிபந்தனைதான் எங்களுக்குச் சட்டம். எல்லாம் நேரத்துக்கு நடக்கும் ஊர் என்று ஊரில் பெருமையாகச் சொல்வேன். இதற்கு மட்டும் ஏன் நேரக் கணக்கு இல்லை?

6. நான் நஷ்டஈடு கேட்கவில்லை. ஒன்றை நன்றாகக் கவனிக்கவும்: அந்தப் பணம் எனக்கு வேண்டாம். சாங்கியிலிருந்து கிளம்பும் விமானம் ரத்தானால் 2 மணி நேரத்துக்குள், அடுத்த விமானம் எப்போது என்று எழுத்தில், தமிழிலும் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அந்த நிறுவனத்தின் விமானம் இல்லையென்றால் வேறு நிறுவனத்தின் விமானத்தில் ஏற்ற வேண்டும். டிக்கெட் பணத்தைத் திரும்பக் கேட்டால் 30 நாளில் தர வேண்டும்.

7. சொல்ல வேண்டும், ஐயா. அவ்வளவுதான். 'காலையில் சொல்கிறோம்' என்று மட்டும் சொல்லக் கூடாது.

என்னோடு அன்று இரவு இருந்தவர்களில் ஒருவர் தகப்பனாரின் கருமாதிக்குப் போய்க்கொண்டிருந்தவர். மனு எழுத அவரைக் கூப்பிட்டேன், 'எழுதி என்னண்ணே ஆகப்போகுது' என்றார். அவருக்குக் காட்டுவதற்காகவாவது ஒரு பதில் எழுதுங்கள். முடியாது என்றாலும் முடியாது என்று எழுதுங்கள். தயவுசெய்து இந்த மனுவுக்குப் பதில் தரும்படி மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
துவாஸ் கப்பல் பட்டறைத் தொழிலாளி

இணைப்பு: ரத்துக் குறுஞ்செய்தியின் நகல், முந்தைய இரண்டு மனுக்களின் நகல்.