கதவுக்குக் காலில்தான் நோய்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் செட்டிநாட்டுக் கதவுகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கும் கதவுகளின் படங்கள் கண்ணுக்கு நிறைவாக இருந்தன. ஆனால், ‘ஒரே மரத்தில், ஒரே பலகையாகச் செய்ததால்தான் இவை நூறு வருடம் தாங்குகின்றன’ என்று ஒரு வரி இருந்தது. அதைத் திருத்தத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்த பிறகு சொல்ல வேண்டியது கூடிக்கொண்டே போய்விட்டது. முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் பேசிய வாய், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் நகரத்தார் என்கிற செட்டிநாட்டுச் செட்டியார்கள் அல்ல. என் மாமனாரின் தாத்தா பர்மாவில் மோல்மீன் என்ற ஊரில் ஒரு செட்டியார் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் 1928-இல் அவர் கட்டிய வீடு இது. அரண்மனை ஒன்றும் இல்லை. முகப்பு, சின்னதாக ஒரு வளவு (நடுமுற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), அதை அடுத்து இரண்டாங்கட்டு, பின்னால் மாட்டுக்கொட்டகை, அவ்வளவுதான். மரம் மட்டும் முதலாளி வீட்டு மரம். ரங்கூனிலிருந்து கப்பலில் வந்த தேக்கில் அவர்கள் வீட்டு வேலை போக மிஞ்சியதைச் சலுகை விலையில் கொடுத்தார்களாம். 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தான். வேலையும் போயிற்று, மரமும் நின்றது. அதனால்தான் எங்கள் வீட்டில் மாடிப்படி இருக்கிறது, மாடி இல்லை.

வளவிலிருந்து இரண்டாங்கட்டுக்குப் போகிற இரட்டைக் கதவில்தான் கதை ஆரம்பம். முற்றத்து மழை தெறித்துத் தெறித்து அதன் அடிப்பாகம் பல வருடமாக ஊறிக்கொண்டே இருந்தது. 2021 கார்த்திகை மழையோடு வலது கதவின் கீழ்ச்சட்டம் கையோடு பிய்ந்து வந்துவிட்டது. பெங்களூரில் இருக்கும் மகன், “எதுக்கும்மா கவலை, ரெடிமேட் கதவு ஒண்ணு மாட்டிடலாம்” என்றான். எனக்கும் சரி என்றுதான் பட்டது. பக்கத்து டவுனில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். அங்கே எதைத் தொட்டாலும் ‘பர்மா டீக்’ என்றார் கடைப்பையன். பர்மாவிலிருந்து உருட்டு மரம் வெளியே போவதற்கு அந்த நாட்டு அரசாங்கமே 2014 ஏப்ரலில் தடை போட்டுவிட்டது. அறுத்த மரம் வருகிறது, ஆனால் அதன் விலை இவர் சொன்ன விலையில்லை. நாங்கள் வாங்கியது மேலே தேக்குத்தோல் ஒட்டிய ஒற்றைப் பிளஷ் டோர். விலை 9,800 ரூபாய், மாட்டும் கூலி 1,500.

மாட்ட வந்த இரண்டு பையன்கள் கதவு நிலையைப் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கதவின் உயரம் 6 அடி 9 அங்குலம். எங்கள் நிலைக்குள் உயரம் 5 அடி 10 அங்குலம். குனிந்து போகத்தானே அந்தக் காலத்தில் வைத்தார்கள். “நிலையை எடுத்துட்டு, மேலே கொஞ்சம் கொத்திவிட்டா சரியாப் போகும்” என்றார்கள். சுண்ணாம்பும் கடுக்காயும் கருப்பட்டியும் முட்டை வெள்ளைக்கருவும் போட்டு வழவழவென்று தேய்த்த சுவர் அது. கொத்த விடமாட்டேன் என்றேன். அப்படியென்றால் கதவை அறுக்கலாம் என்று மேலே ஒரு வெட்டு, பக்கவாட்டில் ஒரு வெட்டு. இந்தக் கதவுகளின் உள்ளே துண்டுக்கட்டைகளை அடுக்கி, ஓரத்தில் சுற்றிலும் ஒரு மரப்பட்டி வைத்து மூடியிருப்பார்கள். அந்தப் பட்டிதான் தண்ணீரைத் தடுக்கிறது. வெட்டினதும் பட்டி போய்விட்டது. அடுத்த ஐப்பசியில் கதவு உப்பிச் சாத்த முடியாமல் போயிற்று. இழைத்தோம். அதற்கடுத்த ஐப்பசியில் மேல்தோல் வாழைப்பட்டை மாதிரி உரிந்தது. கடைக்காரரிடம் சொன்னால், வெட்டின கதவுக்கு வாரண்டி கிடையாது என்றார். வெட்டியது அவர் அனுப்பிய ஆள்தான்.

இதற்கிடையில் பழைய கதவு இரண்டும் கொட்டகையில் சாய்ந்து கிடந்தன. பைக்கில் ஒரு தரகர் மூன்று தடவை வந்துவிட்டார். கதவு மட்டும் என்றால் நாலாயிரம், நிலையோடு பெயர்த்துக் கொடுத்தால் பதினெட்டாயிரம் என்றார். நிலைக்கு மேலே யானைகள் நீர் வார்க்கும் கஜலட்சுமி செதுக்கிய பலகை இருக்கிறது. அவர் கண் அதன்மேல். நிலையைக் கொடுத்துவிட்டால் வீட்டில் ஓட்டைதானே மிஞ்சும் என்றேன். “அதுக்கு ஷட்டர் போட்டுக்கலாம்” என்று உடனே பதில் வந்தது. உங்கள் கட்டுரையில் வந்த கதவுகளில் பாதி இப்படித்தான் புறப்பட்டிருக்கும். 2014-இலேயே செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறிவிட்டன. பட்டியலில் ஏறினால் தரகர் வருவது நின்றுவிடுமா என்ன?

சரி, ஆசாரியிடம் வருகிறேன். எழுபதைத் தாண்டியவர். அவருடைய மகளுக்கு நான் ஆறாம் வகுப்பு எடுத்திருக்கிறேன். கோயில் வாகனம் பழுது பார்க்க எங்கள் ஊருக்கு வந்தவரைக் கையோடு கூட்டிவந்தேன். கொட்டகையில் கிடந்த கதவைப் புரட்டிப்போட்டு, உளி முனையால் அங்கங்கே குத்திப் பார்த்தார். அடியிலிருந்து ஒரு முழம் வரை உளி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. அதற்கு மேலே டக் டக் என்று சத்தம். “டீச்சரம்மா, இதுக்குக் காலில்தான் நோய். நீங்க ஆளையே எரிக்கப் பாத்தீங்களே” என்றார்.

இடது கதவைக் காப்பாற்றலாம், வலது கதவைப் புதிதாகத்தான் செய்யணும் என்று முடிவாயிற்று. அளவெடுக்க டேப்பைக் கொடுத்தேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். வேலியில் கிடந்த மூங்கிலை உடைத்து இரண்டு சிம்பு சீவினார். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, நிலையின் மேல் மூலையிலிருந்து எதிர்க் கீழ்மூலைக்கு நீட்டி, சிம்பு இரண்டும் மூலைகளில் முட்டியதும் நடுவில் ஒரு கோடு கிழித்தார். பிறகு அதே சிம்புகளை மற்ற இரண்டு மூலைகளுக்கு மாற்றினார். கோடு பொருந்தவில்லை. முக்கால் அங்குல வித்தியாசம். தொண்ணூறு வருடத்தில் சுவர் ஒரு பக்கம் கொஞ்சம் உட்கார்ந்திருக்கிறது. பார்வைக்கு எதுவும் தெரியாது. “நிலை கோணினா கதவும் கோணணும். ரெண்டும் ஒரே மாதிரி கோணினா நேராத் தெரியும்” என்றார். எந்தக் கம்பெனியும் கோணல் கதவு செய்து விற்காது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இப்போது உங்கள் கட்டுரையின் அந்த வரிக்கு வருகிறேன். மரம் நீளவாக்கில் அசையாது. அகலவாக்கில் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். ஓர் அகலப் பலகையை அப்படியே கதவாக்கி ஆணியடித்து இறுக்கினால் ஒன்று வளையும், இல்லையென்றால் வெடிக்கும். அதனால்தான் நிற்கும் சட்டம் இரண்டு, குறுக்குச் சட்டம் மூன்று நான்கு என்று கூடு மாதிரி கட்டி, சட்டங்களில் காடி என்ற நீளப் பள்ளம் எடுத்து, பலகைகளை அந்தக் காடிக்குள் சும்மா நிறுத்துகிறார்கள். ஆணி கிடையாது, பசை கிடையாது. பலகை தன் இஷ்டத்துக்கு உப்பிச் சுருங்கிக்கொள்ளும், சட்டம் அசையாது. எங்கள் இடது கதவைத் தட்டினால் பலகைகள் லேசாகக் கடகடக்கும். நான் இத்தனை வருடமாக அதைப் பழுது என்றே நினைத்திருந்தேன். சட்டமும் சட்டமும் சேருகிற இடத்தில் ஒன்றில் துளை, இன்னொன்றில் நாக்கு. குறுக்கே ஒரு மூங்கில் ஆணி. அந்த ஆணியைத் தட்டி எடுத்துவிட்டால் கதவு முழுவதும் பிரிந்துவிடும். பிரிக்க முடிந்ததால்தான் இடது கதவின் அழுகிய கீழ்ச்சட்டத்தை மட்டும் கழற்றி மாற்ற முடிந்தது. தேவகோட்டையில் இடித்த ஒரு வீட்டின் உத்தரம் விறகுக் கடையில் கிடந்தது. வைரம் பாய்ந்த தேக்கு. அதைத்தான் வாங்கி அறுத்தோம்.

எனக்கு மறக்காத இடம் ஒன்று. பழைய கதவின் சட்ட ஓரங்களில் சன்னமாக ஒரு மணிக்கோடு ஓடுகிறது. புதுக் கதவிலும் அது வேண்டும். அந்த அளவில் இழைப்புளி எங்கும் கிடைக்கவில்லை. ஆசாரி உடைந்த ஆக்சா பிளேடு ஒன்றை எடுத்து, பழைய கோட்டின்மேல் வைத்து வைத்துப் பார்த்து, அரத்தால் ராவி ராவி, அந்தக் கோட்டின் குழிவும் மேடும் தலைகீழாக அதில் வரும்படி செய்தார். அதற்கே ஒரு காலைப்பொழுது போயிற்று. பிறகு அதை ஒரு கட்டைக்குள் செருகி, சட்டத்தின் ஓரத்தில் இழு இழு என்று இழுத்தார். பத்துப் பன்னிரண்டு இழுப்பில் தூசி தூசியாக உதிர்ந்து, 1928-இன் கோடு மறுபடி வந்தது. அந்தப் பிளேடைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

இந்தக் கதவுகளுக்குக் கீல் இல்லை, குடுமிதான். மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் குடுமிகள் நிலையின் குழிகளில் சுழலும். கீழ்க்குடுமி தேய்ந்து இடது கதவு அரை அங்குலம் இறங்கியிருந்தது. அதற்கு ஓர் இரும்புப் பூண் போட்டு, குழிக்குள் ஒரு இரும்பு வில்லை வைத்ததும் ஏறிவிட்டது. பூட்டு மட்டும் திண்டுக்கல்லில் வாங்கியது.

பழைய பெயிண்டைச் சுரண்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் கதவில் மூன்று அடுக்கு பச்சை எனாமல். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டை உலர்ந்தபடியே உப்புத்தாளால் தேய்த்தால் தூள் மூக்குக்குள் போகும். பேரப்பிள்ளைகளை வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நனைத்து நனைத்துச் சுரண்டினோம். அதற்குப் பிறகு ஆளி விதை எண்ணெய்தான், பெயிண்ட் இல்லை.

செலவைக் கேட்பீர்கள். மரம் 11,000, கூலி 16,500, இரும்புச் சாமான், எண்ணெய் எல்லாம் சேர்த்து 29,000 சொச்சம். ரெடிமேடுக்குக் கொட்டிய 11,300-உம் அது தாங்கிய இரண்டு மழைக்காலமும் என் கணக்கில் தனியாக இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் கைவேலைக் கதவுதான் வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. குளியலறைக்கு என்ன போடலாம் என்று கேட்டபோது, பி.வி.சி. கதவு போடுங்கள் என்று ஆசாரியே சொன்னார். அவர் வீட்டிலும் அதுதானாம்.

ஆனால் பழைய வீட்டு நிலைக்குள் புதுக்கதவு மாட்ட நினைக்கிறவர்கள், கடைக்குப் போவதற்கு முன்னால் ஓர் ஆசாரியைக் கூப்பிட்டு உளியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஆசாரியின் மருமகன் தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் கடனுக்கு விண்ணப்பித்திருக்கிறார். 3 லட்சம் வரை கடன், 25 விழுக்காடு மானியம். எந்திரம் வந்துவிடும். கோணல் நிலைக்குக் கோணல் கதவு கேட்டு யார் வரப்போகிறார்கள் என்பதுதான் அவர் கவலை. அவர் இப்போது செய்வதெல்லாம் மாடுலர் கிச்சன். மாமனாரிடம் சிம்பு பிடிக்க அவருக்கு நேரம் இல்லை.

அடுத்த கட்டுரைக்கு உங்கள் நிருபர் இந்தப் பக்கம் வந்தால், கடையில் சாய்ந்து நிற்கும் கதவை விட்டுவிட்டு, நிலையில் நிற்கும் கதவைப் படம் எடுக்கட்டும். எங்கள் வீட்டுக்கும் வரலாம். வளவில் நின்று பார்த்தால் இடது கை பக்கம் பழசு, வலது கை பக்கம் புதுசு. இன்னும் நிறம் ஒன்றாகவில்லை. வெயில் நாளாகப் பார்த்து வந்தால் ரெடிமேட் கதவையும் காட்டுவேன். கிணற்றடியில் நாலு செங்கல் மேல் கிடக்கிறது; அதில்தான் வடகம் காயப்போடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை,
தேவகோட்டை வட்டம்.
(பெயர் வெளியிட வேண்டாம். தரகர் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்.)