உருக்கி ஊற்றினால் சாக்லேட் செய்ததாகுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் 'வீட்டிலேயே சாக்லேட்' என்று இரண்டு செய்முறை போட்டிருந்தீர்கள். ஒன்று, கடையில் டார்க் காம்பவுண்ட் என்று விற்கிற சாக்லேட் மாதிரியான கட்டியை வாங்கி, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் உருக்கி, சிலிக்கான் அச்சில் ஊற்றுவது. இன்னொன்று, கோகோ பவுடரும் தேங்காய் எண்ணெயும் சர்க்கரையும் கலந்து ஃபிரிட்ஜில் வைப்பது. ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் ஊடுபயிராகக் கோகோ வைத்திருக்கிற வீட்டுக்காரி நான், அதைப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

காம்பவுண்ட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், ஹைட்ரஜனேற்றப்பட்ட தாவரக் கொழுப்பு என்று போட்டிருக்கும். கோகோ வெண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் அதுதான் இருக்கிறது. அதை உருக்கி மறுபடி உறைய வைப்பதைச் செய்முறை என்று எப்படிச் சொல்வது? இரண்டாவதும் அப்படித்தான். கோகோவைப் பிழிந்து வெண்ணெயில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு மிஞ்சுகிற பிண்ணாக்கைப் பொடித்ததுதான் கோகோ பவுடர். எடுத்த வெண்ணெய்க்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெயை ஊற்றினால், 24 டிகிரியிலேயே இளகிவிடுகிற அந்த எண்ணெய் ஃபிரிட்ஜை விட்டு வெளியே வந்ததும் பிள்ளைகளின் கையில் வழிகிறது. கோகோ வெண்ணெய் 34 டிகிரிக்குப் பக்கத்தில்தான் உருகும், அதனால்தான் சாக்லேட் கையில் நின்று வாயில் கரைகிறது.

சரி, நிஜமாகவே விதையிலிருந்து செய்ய முடியுமா என்றால், முடியும். நான் மூன்று தடவை செய்தேன், இரண்டு தடவை கெட்டது.

முதல் தடவை காயை உடைத்து விதையைக் கழுவி வெயிலில் காயவைத்து வறுத்தேன். வாயில் வைக்க முடியாத துவர்ப்பு, சாக்லேட் வாசனை துளிகூட இல்லை, விதையை வெட்டினால் உள்ளே ஊதா நிறம். பிறகுதான் தெரிந்தது, கழுவவே கூடாது. சீத்தாப்பழச் சுளை போல விதையைச் சுற்றியிருக்கிற வெள்ளைச் சதைதான் புளிக்க வேண்டியது (அணில் இதற்காகத்தான் எங்கள் காய்களைக் குடைகிறது, அதைக் குற்றம் சொல்ல முடியாது, அவ்வளவு ருசி). சதையோடு விதையைக் கூடையில் வாழையிலை பரப்பிக் கொட்டி, மேலே சாக்குப் போட்டு மூடி, இரண்டு நாளைக்கு ஒரு தரம் கிளறி, ஆறு நாள் வைக்க வேண்டும். குவியல் பெரிதாக இருந்தால் தானாகவே 45, 50 டிகிரி வரை சூடேறும். இருபது, முப்பது காயோடு செய்தால் அந்தச் சூடு நிற்காது, நான் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்துச் சமாளித்தேன். அப்புறம் ஒரு வாரம் வெயில். அதற்குள் உள்ளே பழுப்பாகியிருக்கும். ஒரு கிலோ காய்ந்த விதைக்கு ஏறக்குறைய 25 காய் பிடிக்கும்.

அதன் பிறகு எல்லாம் நம் அடுப்படி வேலைதான். இரும்புச் சட்டியில் சின்னத் தீயில், நிலக்கடலை வறுக்கிற மாதிரி, படபடவென்று வெடிக்கும் வரை வறுத்து, ஆறியதும் கையால் நொறுக்கி முறத்தில் புடைத்தால் தோல் பறந்துவிடும். பருப்பை மிக்ஸியில் ஒரு ஓட்டு ஓட்டி, டேபிள் டாப் கிரைண்டரில் போட்டு ஆட்ட வேண்டும். தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கூடாது! பருப்பில் பாதிக்கு மேல் வெண்ணெய்தான், ஆட்ட ஆட்ட அதுவே குழம்பாக இளகி வரும். 700 கிராம் பருப்புக்கு 300 கிராம் சர்க்கரை, அதையும் பொடித்துத்தான் போட வேண்டும். உடம்புக்கு நல்லதென்று இரண்டாம் தடவை நாட்டுச் சர்க்கரையைப் போட்டேன், அதிலிருந்த ஈரத்துக்கே மொத்தமும் திரிந்து களிமண் போல இறுகிவிட்டது. பால் சாக்லேட் என்றாலும் பால்பவுடர்தான், பால் அல்ல.

எவ்வளவு நேரம் ஆட்டுவது என்பதில்தான் பொறுமை வேண்டும். தொழிலாகச் செய்பவர்கள் ஒரு நாள், இரண்டு நாள்கூட நிறுத்தாமல் ஓட்டுகிறார்கள். வீட்டுக் கிரைண்டர் மோட்டார் அதற்குத் தாங்காது. நான் ஒரு மணி நேரம் ஓட்டி அரை மணி நேரம் நிறுத்தி, பன்னிரண்டு மணி நேரம் ஆட்டினேன், அப்படியும் நாக்கில் லேசாக நறநறத்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சிறிய அளவில் விதையிலிருந்து சாக்லேட் செய்கிறவர்கள் பலர் 'மெலாஞ்சர்' என்று வைத்திருப்பது கோவையில் செய்து கப்பலேறிய இயந்திரம்தான். நம் கிரைண்டரின் அதே கல், அதே குழவி, மோட்டாரைத்தான் பலப்படுத்தியிருக்கிறார்கள். இது நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கடைசியில் 45 டிகிரிக்குச் சூடாக்கி, கிளறிக்கொண்டே 27 வரை ஆற்றி, மறுபடி 31-க்கு ஏற்றி அச்சில் ஊற்ற வேண்டும். இதை விட்டால் இரண்டு நாளில் மேலே வெள்ளை படரும். பூசணம் இல்லை, கொழுப்புதான், சாப்பிடலாம். சித்திரை வெயிலில் இந்த வேலையைத் தொடாதீர்கள், மார்கழிக் காலையில் செய்யுங்கள்.

எங்கள் பக்கம் ஈர விதையை அப்படியே எடை போட்டு விற்றுவிடுகிறோம். 2024-இல் உலகச் சந்தையில் டன் 10,000 டாலரைத் தாண்டியபோது, அதுவரை தோப்பில் கோகோ இருப்பதையே மறந்திருந்தவர்கள் மரத்தை எண்ணினார்கள், விலை இறங்கியதும் மறுபடி மறந்துவிட்டார்கள். அடுத்த இணைப்பில் காம்பவுண்டுக்குப் பதில், காயிலிருந்து கட்டி வரை ஒரு முழுப்பக்கம் போடுங்களேன். படம் எடுக்க ஆள் அனுப்பினால் காய் நான் தருகிறேன், கிரைண்டரை மட்டும் அவர்களே கொண்டுவரட்டும். எங்கள் வீட்டில் இரண்டு நாள் இட்லி கோகோ வாசனை அடித்ததிலிருந்து மாமியார் கிரைண்டரைத் தொட விடுவதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆனைமலை