வரைபடத்தில் இடம் மாறிய துறைமுகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த சீனத் துறைமுகம் பற்றிய கட்டுரையோடு வந்த வரைபடத்தில், குவான்சோவைக் குறிக்கும் புள்ளி குவாங்சோவில் விழுந்திருக்கிறது. முன்னது ஃபூஜியன் மாகாணம், பின்னது குவாங்டாங். இடையே 500 கி.மீ.க்கு மேல். அச்சுப் பிழைதானே என்று விட்டுவிட முடியவில்லை. இரண்டும் வேறு வேறு நிலம்.

குவாங்சோ இருப்பது முத்து ஆற்றுக் (Pearl River) கழிமுகத்தில். கண்ணுக்கெட்டும் வரை வண்டல் சமவெளி. ஃபூஜியனில் அவ்வளவு பெரிய சமவெளியே கிடையாது. 'எட்டுப் பங்கு மலை, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு வயல்' என்பது அங்கு வழங்கும் சொலவடை. மேற்கு எல்லையில் வூயி மலைத்தொடர், உச்சி சுமார் 2,160 மீட்டர். கடலுக்கும் அதற்கும் நடுவே இன்னொரு தொடர். மாகாணத்தின் மிகப் பெரிய ஆறான 'மின்' ஆறுகூட மலையை அறுத்துக்கொண்டுதான் தலைநகர் ஃபூசோ வழியாகக் கடல் சேர்கிறது. வழிநெடுகப் பாறையும் சுழியுமாகப் படகுகளைப் பாடாய்ப் படுத்திய ஆறு. வெளி மாகாணங்களோடு ரயில் தொடர்பு கிடைத்ததே 1950களில்தான். கடற்கரையோ வளைந்து நெளிந்து விரிகுடாக்களாகக் கிடக்கிறது. உழ நிலமில்லாதவர்கள் கப்பலேறியதில் வியப்பென்ன?

அங்கே ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், பல மீட்டர் ஏறி இறங்கும். இதைச் சமாளித்த விதத்துக்குக் குவான்சோ அருகே 1053 முதல் 1059 வரை கட்டிய லுவோயாங் பாலமே சாட்சி. (ஹெனான் மாகாணத்து லுவோயாங் நகரம் வேறு, அடுத்த வரைபடத்தில் அதுவும் இடம் மாறிவிடக் கூடாது!) ஆற்று முகத்துவாரச் சேற்றில் தூண் நேராக நிற்காது. எனவே பாலம் போகும் தடம் முழுக்கக் கல்லைக் கொட்டி அகலமான மேடை எழுப்பினார்கள். அதன்மேல் படகின் முனைபோலக் கூரான தூண்கள். மழுங்கலாக இருந்தால் நீரின் வேகம் அடித்தளத்தை அரித்துவிடும். கல்லுக்குக் கல் பிடிப்பு வேண்டுமே? சிப்பி வளர்த்தார்கள். அதன் ஓடு இடுக்குகளில் ஒட்டி இறுகியது. பாரமான கருங்கல் உத்தரங்களை மிதவையில் ஏற்றி, உயர் ஓதத்தில் தூண்களுக்கிடையே நிறுத்தினால், நீர் வடியும்போது அவை தாமாகவே தூண்மேல் அமரும்.

குவான்சோ துறைமுகம் பின்னாளில் மங்கியதற்கு ஆறு கொண்டுவந்த மணலும் ஒரு காரணம். மலை அருகே இருப்பதால், புயல் மழையில் அரிக்கப்படும் மண் நேரே விரிகுடாவில் வந்து விழுகிறது.

திருத்தம் வெளியிடுவதானால் புள்ளி வடக்கு 24.9°, கிழக்கு 118.6° அருகே, தைவான் நீரிணைக் கரையில் வர வேண்டும். கூடவே வூயி தொடரையும் நிழலிட்டுக் காட்டுங்கள்.

- புவியியல் ஆசிரியர், தஞ்சாவூர்