எழுதி முடித்தவர் அல்ல, பதிப்பித்தவர்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில், 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' என்ற மோதிரக் கதையை எழுதிய ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் பற்றிய நெடுங்கட்டுரை படித்தோம். அதில் அவருடைய மகன் கிறிஸ்டோபருக்குக் கிடைத்தது ஒரே வரி: அப்பா பாதியில் விட்ட நூல்களை எழுதி முடித்தவராம். அந்த ஒரு வரியும் தவறு. எழுதி முடிப்பது வேறு வேலை, பதிப்பிப்பது வேறு வேலை. நாற்பத்தைந்து ஆண்டுகள் அவர் செய்தது இரண்டாவதை.

அந்த வேலைக்கான பயிற்சியும் அவரிடம் முன்பே இருந்தது. பழைய ஐஸ்லாந்து மொழியில் உள்ள ஹெய்த்ரெக் மன்னன் கதைக்கு ஒன்றோடொன்று முழுதாக ஒத்துப்போகாத மூன்று வடிவங்கள் உண்டு. அவற்றை ஒப்பிட்டு, மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் எதிரெதிர்ப் பக்கங்களில் வரும்படி 1960-ல் வெளியிட்டார். நெவில் காகில் என்ற அறிஞருடன் சேர்ந்து, இடைக்கால ஆங்கிலக் கவிஞர் சாசரின் கதைகளைப் பதிப்பித்தார். 1963 முதல் ஆக்ஸ்ஃபோர்டு நியூ காலேஜில் ஆசிரியர். தந்தை 1973 செப்டம்பரில் இறந்ததும் அவருடைய கையெழுத்துத் தாள்கள் இவர் பொறுப்புக்கு வந்தன. இரண்டே ஆண்டில் வேலையை விட்டார்.

பாடபேதம் என்றால் என்ன என்று தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் நம் சுவடிப் பதிப்பாளர்கள் பட்ட பாடு வேறு. ஒரு புலவர், படியெடுத்தவர்கள் பலர், ஏட்டுக்கு ஏடு வேறுபாடு. இங்கோ புலவரும் படியெடுத்தவரும் ஒரே ஆள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தன்னையே திருத்திக்கொண்டு போனவர். எது மூலபாடம் என்று கேட்டால் கடைசிப் படியைக் காட்டவும் முடியாது, ஏனென்றால் பல கதைகளுக்குக் கடைசிப் படி பாதியிலேயே நின்றுவிடுகிறது. முழுக்கதை வேண்டுமானால் இருபது, முப்பது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். அங்கே பெயர்கள் வேறு, உறவுமுறை வேறு.

தாள்களின் நிலையும் லேசானதல்ல. டோல்கீன் முதலில் பென்சிலில் வேகமாகக் கிறுக்குவார், பிறகு அதன் மேலேயே மையால் திருத்திய வடிவத்தை எழுதுவார். அடியில் உள்ள பென்சில் எழுத்தைப் படித்தால்தான் முதல் எண்ணம் தெரியும். பெரும்பாலான தாள்களில் தேதி கிடையாது. போர்க்காலத் தாள் தட்டுப்பாட்டில் அவர் மாணவர்களின் தேர்வுத்தாள்களின் வெற்றுப் பக்கங்களில் எழுதினார். அவற்றில் ஒரு கட்டில் '1940 ஆகஸ்ட்' என்று இருக்கிறது. மோதிரக் கதையில் வரும் மோரியா சுரங்கப் பகுதியின் வரைவுகளுக்குக் காலம் குறிக்க கிறிஸ்டோபர் இதைப் பயன்படுத்தினார். ஆனால் இந்தச் சான்று ஒரு பக்கம்தான் வெட்டும்: அந்த மாதத்துக்கு முன்பு எழுதியிருக்க முடியாது என்று சொல்லும், எவ்வளவு பின்பு என்று சொல்லாது.

அடுத்த சான்று பெயர்கள். அந்தக் கதையின் நாயகனாக நாம் ஃப்ரோடோ என்று அறிந்தவர் முதல் வரைவுகளில் பிங்கோ. கதையில் பிறகு அரசனாகும் அரகோர்ன் முதலில் மனிதரே அல்ல, மரச்செருப்புப் போட்ட டிராட்டர் என்ற ஹாபிட், அதாவது டோல்கீன் படைத்த சிற்றுருவ இனத்தவர். எனவே பிங்கோ வருகிற தாள் பழையது என்று வைத்துக்கொள்ளலாம். ஃப்ரோடோ வருவதெல்லாம் புதியது என்று முடிவு கட்டினால்தான் ஆபத்து. டோல்கீன் பழைய தாளை வீசாமல், பெயரை மட்டும் அடித்துத் திருத்திப் புதிய வரைவில் செருகிவிடுவார். பெயர் முதல் ஓட்டத்திலேயே விழுந்ததா, பிறகு மேலே எழுதப்பட்டதா என்று ஒவ்வொரு இடத்திலும் பார்க்க வேண்டும். பக்க எண்ணை அடித்து மாற்றியிருந்தால் அங்கே ஏதோ நுழைந்திருக்கிறது என்று பொருள். நிலவின் பிறைக்கணக்குப்படி கதை நாட்களை டோல்கீன் முன்னும் பின்னும் நகர்த்தியதால் அதுவும் ஒரு தடயம்.

இது போதாதென்று, 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கையெழுத்துப்படிகளை அமெரிக்காவின் மில்வாக்கி நகரிலுள்ள மார்க்கெட் பல்கலைக்கழகம் 1950-களின் கடைசியில் விலைக்கு வாங்கியிருந்தது. அனுப்பியபோது எல்லாம் போகவில்லை. ஒரே அத்தியாயத்தின் ஒரு பக்கம் அங்கே, அடுத்த பக்கம் இங்கே. அங்கிருந்த ஆய்வாளர் டாம் சான்டோஸ்கி போன்றவர்களின் உதவியோடும் ஒளிநகல்களோடும் அவற்றை இணைத்தார் கிறிஸ்டோபர். தன்னிடமிருந்த மீதத் தாள்களையும் பிறகு அங்கேயே சேர்த்துவிட்டார்.

உங்கள் கட்டுரையாளர் சொன்னது கொஞ்சமாவது பொருந்துவது மிடில் எர்த் என்ற டோல்கீனின் கற்பனை உலகத்துப் பழங்கதைகளாக 1977-ல் வந்த 'சில்மரில்லியன்' நூலுக்குத்தான். கை கேவ்ரியல் கே என்ற கனடா இளைஞரின் உதவியோடு, ஒட்டுத் தெரியாதபடி இணைத்த நூல் அது. டோரியாத் என்ற எல்ஃப் இன அரசின் அழிவு பற்றிய அத்தியாயத்துக்குத் தந்தையின் கடைசி முழு வடிவம் 1930-ஐ ஒட்டியது. அதற்குள் சுற்றியிருந்த கதையெல்லாம் மாறிவிட்டதால் பழையதை அப்படியே வைக்க வழியில்லை. இருவரும் நிகழ்ச்சிகளையே மாற்றி அமைத்தார்கள். பதிப்பாசிரியரின் எல்லையைத் தாண்டிவிட்டதாக 1994-ல் கிறிஸ்டோபரே அச்சில் எழுதினார். கில்-கலாட் என்ற அரசனை ஃபிங்கோனின் மகன் என்று போட்டதும் அப்படித்தான்: தந்தைக்குச் சிறிது காலம் இருந்து மறைந்த ஒரு எண்ணத்தை முடிவு என்று எடுத்துக்கொண்டுவிட்டார். பிந்தைய குறிப்பில் கில்-கலாட்டின் தகப்பன் ஓரோட்ரெத் என்ற வேறொருவர்.

1983 முதல் 1996 வரை வந்த பன்னிரண்டு தொகுதிகளான 'மிடில் எர்த் வரலாறு' இதற்கு நேர் எதிரான வேலை. ஒவ்வொரு வடிவமும் தனியே, அதற்கு எண்ணிட்ட குறிப்புகள், பிறகு விளக்கவுரை. படிக்க முடியாத சொல்லுக்கு ஊகம் என்றால் ஊகம் என்றே அடையாளம். 1977 நூலை எந்த விளக்கமும் இல்லாமல் வெளியிட்டது பிழை என்று முதல் தொகுதியின் முன்னுரையிலேயே ஒப்புக்கொள்கிறார். தன் புகழ்பெற்ற நூலைத் தானே பிரித்து, எந்த வரி எங்கிருந்து வந்தது என்று காட்டிய பதிப்பாசிரியர் எத்தனை பேர்? சிறுவயதில் ஹாபிட் கதை கேட்கும்போது, போன தடவை கதாநாயகன் பில்போவின் வாசல்கதவு நீலம் என்றாயே, இப்போது பச்சை என்கிறாயே என்று அப்பாவை மடக்கிய பிள்ளைதான் இவர்.

2007-ல் வந்த 'ஹூரினின் பிள்ளைகள்' மூன்றாவது வகை. கதை தடையின்றி ஓடும், நடுவே குறிப்பு கிடையாது. சொற்கள் தந்தையுடையவை, பாடம் அமைந்த விதம் பின்னிணைப்பில். கடைசியாக 2018-ல் 'கோண்டோலினின் வீழ்ச்சி' வந்தபோது அவருக்கு வயது 93. 2020 ஜனவரியில் பிரான்சில் காலமானார்.

கட்டுரையைப் பார்த்துவிட்டு இந்த நூல்களைத் தேடுகிறவர்களுக்கு ஒன்று. பன்னிரண்டு தொகுதிகளையும் முதலிலிருந்து தொடங்காதீர்கள். முதல் இரண்டும் டோல்கீன் இளைஞராக எழுதியவை, பழநடை, பெயர்களும் பழகாதவை, பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். 1980-ல் வந்த 'முடிவுறாக் கதைகள்' நல்ல வாசல். மோதிரக் கதை பிறந்த விதம் மட்டும் போதும் என்றால் ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்றும், ஒன்பதின் முதல் பகுதியும்.

கட்டுரையோடு வெளியான மிடில் எர்த் வரைபடத்தின் கீழே 'வரைந்தவர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன்' என்று அச்சாகியிருக்கிறது. தந்தையின் கரட்டுப் படங்களிலிருந்து அதை அச்சுக்கு வரைந்தவரும் கிறிஸ்டோபரே. அந்தப் பெயரையாவது அடுத்த இணைப்பில் திருத்தி வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர், மதுரை