எர்த்தைப் பாக்காம எல்.இ.டி. மாட்டச் சொல்றது என்ன வைத்தியம்?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல வாகனக் கேள்வி பதில் படிச்சேன். ஒரு தம்பி, தாத்தாவோட யெஸ்டி பைக்குல ஹெட்லைட் மங்கலா எரியுது, ஹாரன் அடிச்சா இன்னும் மங்குதுன்னு கேட்டிருக்கு. அதுக்கு உங்க நிபுணர் "எல்.இ.டி. பல்பு மாட்டுங்க, சரிவரலேன்னா வண்டிய ஷோவுக்கு வச்சுக்கோங்க"ன்னு முடிச்சிட்டாரு. ரொம்ப சந்தோஷம். அவரு அந்த வண்டியத் தொட்டிருக்காரான்னெல்லாம் நான் கேக்கல, பெரியவங்க. ஆனா அது 6 வோல்ட் வண்டி, கடையில தொங்குற எல்.இ.டி. முக்காவாசி 12 வோல்ட்டுக்குப் போட்டது, மாட்டுனா ஒண்ணு எரியாது இல்ல மின்மினியாட்டம் மினுங்கும், இதாவது தெரிஞ்சிருக்க வேணாமா?

உங்களுக்குத் தெரியாததில்ல, மைசூர்ல 1961ல ஜாவான்னு ஆரம்பிச்சு அப்புறம் யெஸ்டின்னு பேர் மாறி 1996 வரைக்கும் வந்த வண்டி. இன்ஜின் சுத்துறப்ப கரண்டு எடுக்குற டைனமோதான் பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தும். பெரியார் பஸ் ஸ்டாண்ட் நெரிசல்ல ஊர்ந்து போறப்ப டைனமோ சும்மா சுத்தும், லைட் முழுக்க பேட்டரி தலையில விழும், மங்கத்தான் செய்யும். அது நோய் இல்ல, அந்த வண்டி குணம். ஆக்ஸிலேட்டர் முறுக்குன பிறகும் மங்கலாவே இருந்தாத்தான் கோளாறு.

எனக்கு வந்தது அந்தக் கோளாறுதான். பெயிண்ட் பவுடர் கோட்டிங்னு காசக் கொட்டி வண்டிய எடுத்துட்டு வந்த அன்னைக்கே லைட் போச்சு. ஒரு ஒர்க்ஷாப்ல பேட்டரி மாத்துன்னாங்க, அடுத்தவரு டைனமோ பிரஷ்னாரு, ஸ்பேர்ஸ் கடையில ஒரிஜினல்னு சொல்லி நூல் மாதிரி வயரிங் செட்டு ஒண்ணத் தலையில கட்டுனாங்க. கடைசியில கீழவாசல் பக்கம் ஆர்மேச்சர் காயில் சுத்துற பெரியவர் ஒருத்தர், ஒரு துண்டு வயர எடுத்து பேட்டரியில பாடியோட சேர்ற முனையில ஒரு நுனி, பல்பு ஹோல்டர்ல ஒரு நுனின்னு வச்சாரு, பளிச்சுன்னு எரிஞ்சுச்சு. எர்த்து போச்சுப்பா, வேற ஒண்ணுமில்லேன்னாரு. எர்த்துன்னா பல்புல இருந்து கரண்டு வண்டி பாடி வழியா பேட்டரிக்குத் திரும்புற பாதை. தனி எர்த் வயர் இல்லேன்னா ஹெட்லைட் கரண்டு ஹேண்டில்பார் திரும்புற குண்டு பேரிங், அதான் பால்ரேஸ், அது வழியாத்தான் திரும்பி வரணும், அங்க முழுக்க கிரீஸு, கரண்டு சரியாப் போகாது. பின்னாடி மட்கார்டுல பெயிண்ட் மேலயே போல்ட்ட முறுக்கிட்டா டெயில் லைட்டும் அதே கதைதான், பிரேக் மிதிச்சா வெளிச்சம் கூடாம குறையும். 35 வாட் பல்பு 12 வோல்ட்ல 3 ஆம்பியர் இழுத்தா 6 வோல்ட்ல கிட்டத்தட்ட 6 ஆம்பியர் இழுக்கும், அதனால துருப்புடிச்ச ஒரு ஜாயின்ட்ல 1 வோல்ட் போனாலே ஆறுல ஒரு பங்கு போச்சு. பெயிண்டு, துரு சுரண்ட ஒரு சாண் எமரி பேப்பர், தனி எர்த்துக்கு ஒரு முழம் வயரு, அம்புட்டுதான் செலவு.

இது இன்னைக்கு நேத்து வருத்தம் இல்லீங்க. 2017 ஏப்ரல்ல இருந்து வர்ற புது வண்டிக்குத்தான் எந்நேரமும் லைட் எரியணும்னு ரூல். நீங்க என்னமோ எல்லா வண்டிக்கும்னு போட்டீங்க, அதப் படிச்சிட்டு பட்டப்பகல்ல என்னைய நிப்பாட்டி லைட் எங்கன்னு கேக்குறாங்க. அப்பவும் லெட்டர் போட்டேன், பதிலே இல்ல. நத்தம் ரோட்டுல எதுக்க வர்றவன் கண்ணுல எல்.இ.டி. ஹைபீம் அடிச்சு எங்கிட்டுப் போறோம்னே தெரியல, அதப் பத்தியும் ஒரு வரி வராது. புது பைக் விளம்பரத்துக்கு மட்டும் முழுப் பக்கம்.

சரி, கேக்குறது ஒண்ணே ஒண்ணு. வர்ற ஞாயிறு ஒரு சின்ன பெட்டிச் செய்தி, 6 வோல்ட் வண்டியில 12 வோல்ட் எல்.இ.டி. மாட்டாதீங்க, முதல்ல ஒரு வயர வச்சு எர்த் பாருங்கன்னு நாலு வரி. அந்தத் தம்பி தாத்தா வண்டிய காயலாங்கடைக்குத் தள்ளிட்டுப் போறதுக்கு முந்திப் போட்டீங்கன்னா புண்ணியமாப் போகும்.

இப்படிக்கு,
யெஸ்டி ஓட்டுற ஒரு வாசகன்,
திருநகர், மதுரை.