அந்த மூக்குக் கதை உண்மையல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் மொழிக் காப்பு பற்றி வந்த கட்டுரையில், பதினேழாம் நூற்றாண்டு ஜெர்மனியின் மொழிச் சங்கங்களை ஒரே பத்தியில், அதுவும் சிரிப்பு மூட்டுகிற மாதிரி எழுதி முடித்துவிட்டீர்கள். படித்ததும் வருத்தமாக இருந்தது. அக்கால ஜெர்மன் எழுத்தாளர் ஃபிலிப் ஃபான் ஸேசன் மூக்குக்குக்கூட 'முகத்தின் மாடம்' என்று புதுப்பெயர் வைத்தார் என்கிறது கட்டுரை. அதை அவர் உருவாக்கவே இல்லை, அவருடைய சொல்லாக்கத்தைக் கிண்டல் செய்தவர்கள் அவர் தலையில் கட்டியது. சன்னலுக்கு அவர் வைத்த பெயர் போல ஒட்டாமல் போனவை உண்டு, சரி. ஆனால் வட்டார வழக்கைக் குறிக்க ஜெர்மானியர்கள் இன்றும் சொல்கிற 'முண்டார்ட்' என்ற சொல்லுக்கு அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள், அதைக் கட்டுரை சொல்லவில்லை.

அதைவிடப் பெரிய குறை, இந்தச் சங்கங்கள் பிறமொழிச் சொல்லை விரட்டுவதற்காக மட்டுமே கூடின என்று வாசகர் நினைக்கும்படி விட்டது. 1617 ஆகஸ்டில் வைமாரில், ஒரு கோமகளின் இறுதிச் சடங்குக்கு வந்திருந்த உறவினர்கள் கூடித் தொடங்கியதுதான் முதலாவதான 'கனிதரும் சங்கம்'. நடத்தியவர் அன்ஹால்ட்-கோத்தன் இளவரசர் லுட்விக். இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் இத்தாலிய மொழியைப் பேணிவந்த க்ருஸ்கா கழகத்தில் அவர் முன்பே உறுப்பினர், அதைப் பார்த்துத்தான் தன் நாட்டிலும் இப்படி ஒன்று வேண்டும் என்று நினைத்தார். சின்னமாக அவர்கள் எடுத்துக்கொண்டது என்ன தெரியுமா, தென்னை மரம்! அந்த மரத்தில் வீணாகப் போவது எதுவும் இல்லை என்பதால் 'அனைத்தும் பயனுக்கே' என்பது அவர்கள் வாசகம். சேருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு சங்கப் பெயர், ஒரு செடியோ விளைபொருளோ, ஒரு வாசகம் கொடுத்தார்கள். லுட்விக் 'ஊட்டுபவர்', அவருக்குக் கோதுமை ரொட்டி. கவிஞர் ஓபிட்ஸ் 'முடிசூடியவர்'. சங்கத்துக்குள் பட்டங்களை விட்டுவிட்டு இந்தப் பெயர்களால்தான் அழைத்துக்கொண்டார்கள்.

அடுத்த ஆண்டே முப்பதாண்டுப் போர் வெடித்தது. ஊர்கள் எரிந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில் ஸ்வீடன் தளபதி பானேரும், எதிரணியான பேரரசுப் படையின் தளபதி பிக்கொலோமினியும் இந்த ஒரே சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் இருந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

சங்கத்தார் செய்த வேலையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1624இல் ஓபிட்ஸ் எழுதிய கவிதையியல் நூல், ஜெர்மன் செய்யுளில் அசையை எண்ணினால் மட்டும் போதாது, பேச்சில் அழுத்தம் எங்கே இயல்பாக விழுகிறதோ அங்கேதான் செய்யுளிலும் விழ வேண்டும் என்றது. அந்த விதி நிலைத்தது. (நூல் வந்து ஐந்து ஆண்டு கழித்துத்தான் அவரைச் சங்கத்தில் சேர்த்தார்கள், அது வேறு கதை.) அப்புறம் இலக்கணச் சண்டை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். சங்க உறுப்பினரான குவைன்ட்ஸ் எழுதிய ஜெர்மன் இலக்கண வரைவை லுட்விக் மற்றவர்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். நல்ல எழுத்தாளர்களிடமும் படித்தவர்களிடமும் இருக்கிற வழக்கே விதி என்பது குவைன்ட்ஸ் கட்சி. இல்லை, மொழிக்கு உள்ளேயே ஓர் ஒழுங்கு இருக்கிறது, வேர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால் அது தெரியும் என்பது இன்னொரு உறுப்பினரான இலக்கண அறிஞர் ஷோட்டெலியஸ் கட்சி. ஓர் எழுத்தை எப்படிப் போடுவது என்பதற்கெல்லாம் கடிதத்துக்கு மேல் கடிதம் போயிருக்கிறது. 1663இல் ஷோட்டெலியஸ் ஜெர்மன் மொழி பற்றி வெளியிட்ட பெருநூல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டும். கற்றவர்கள் லத்தீனிலும் அரண்மனைகள் பிரெஞ்சிலும் மூழ்கியிருந்த நாட்டில் இவ்வளவு பொறுமையாகத் தாய்மொழிக்கு உழைத்தவர்களை வெறும் சொல் விரட்டிகள் என்று எப்படி எழுத மனம் வந்தது?

குறை இல்லாத சங்கம் என்று நான் சொல்லவில்லை. கனிதரும் சங்கத்தில் 1680 வரை சேர்ந்த 890 பேரில் பெரும்பாலோர் பிரபுக்கள், பெண்களுக்கு முழு உறுப்பினர் இடம் கிடையாது. அதை எழுதியிருந்தால் நியாயமான விமர்சனமாக இருந்திருக்கும். 1644இல் நியூரம்பெர்கில் கவிஞர்கள் ஹார்ஸ்டோர்ஃபரும் க்ளாயும் தொடங்கிய பெக்னிட்ஸ் மலர்ச் சங்கம் பெண் கவிஞர்களையும் சேர்த்துக்கொண்டது, இன்றுவரை இயங்கியும் வருகிறது.

அந்த மூக்குச் செய்திக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இடம் இருந்தால் நியூரம்பெர்க் சங்கத்தைப் பற்றித் தனியாகவே ஒரு முழுக் கட்டுரை போடுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சி