ஞானத்தாயாக நிற்க முடியாத அத்தை எழுதுவது

அன்புள்ள அண்ணா,

கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து விலகுகிறேன் என்று போன வாரம் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மதினியிடம் போனில் சொன்னதும் அவர் "அப்போ பாப்பா ஞானஸ்நானம்?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதில்தான் இது. வாட்ஸப்பில் எழுதினால் நான் முடிப்பதற்குள் நீங்கள் பதில் அனுப்ப ஆரம்பித்துவிடுவீர்கள். தவிர, குடும்பக் குழுவில் பாதிப் பேருக்கு விஷயம் அரைகுறையாகப் போய்விட்டது. சித்தி இதைப் படிப்பார் என்று தெரிந்தே எழுதுகிறேன், அதனால் சிலவற்றைத் தொடமாட்டேன்.

பாப்பாவுக்கு நான் ஞானத்தாயாக நிற்க முடியாது. ஜெர்மன் ஆயர்கள் 2012இல் போட்ட ஆணை அப்படி. சர்ச் வரிப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தவருக்கு நற்கருணை கிடையாது, பாவசங்கீர்த்தனம் கிடையாது, சாகக் கிடந்தால் ஒழிய. ஞானப்பெற்றோராக நிற்கவும் கூடாது. மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஆசையோடு கேட்டது, நான் அழுதுகொண்டே சரி என்றது, எதையும் மறக்கவில்லை. ஆனால் இதையும் கேளுங்கள். பூசைக்குப் போவதை எப்போதோ விட்ட நீங்கள், கடவுள் என்று ஒருவர் இருப்பதே சந்தேகம் என்று என்னிடம் சொன்ன நீங்கள், நாளைக்கே யார் பிள்ளைக்கும் ஞானத்தகப்பனாக நிற்கலாம். இங்கே பவேரியாவில் வருமான வரியின் மேல் 8 விழுக்காடு சர்ச் வரி, மாதம் தவறாமல் உங்கள் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். அது போதும்.

ஏன் கட்டுகிறீர்கள் என்று கேட்டால் கலாச்சாரம் என்பீர்கள். மனித மாண்பு, ஏழைக்கு ஆஸ்பத்திரி, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு எல்லாம் இந்த வேரிலிருந்து வந்தவை, வேர் பட்டுப்போனால் ஐரோப்பா நிற்காது என்பீர்கள். தவறென்று சொல்லமாட்டேன். திருச்சபையின் தொண்டு அமைப்பான காரித்தாஸில் மட்டும் ஆறு லட்சம் பேருக்கு மேல் வேலை பார்க்கிறார்கள் இந்த நாட்டில். ஆனால் வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் கட்டுவது மாதிரியல்லவா நீங்கள் கட்டுகிறீர்கள்? அப்புறம் அந்த ஜெர்மன் நீதிபதி பெக்கன்ஃபெர்டே. சுதந்திர அரசு தன்னால் உத்தரவாதம் தர முடியாத அடித்தளங்களின் மேல் வாழ்கிறது என்ற அவருடைய வாக்கியத்தை எத்தனை தடவை உங்கள் வாயால் கேட்டிருப்பேன்! 1960களில் அவர் அதைக் கத்தோலிக்கர்களைப் பார்த்துத்தான் எழுதினார். மதச்சார்பற்ற அரசைக் கண்டு மிரளாதீர்கள், அதில் உங்களுக்கும் இடம் இருக்கிறது என்றுதான் அந்தக் கட்டுரை முடிகிறது. அந்தப் பாதியை நீங்கள் சொன்னதே இல்லை.

2018இல் அந்த வரி அலுவலகத்துக்கு என்னைக் கூட்டிப்போனது நினைவிருக்கும். ஜூன் 1 முதல் மாநில அரசுக் கட்டிடங்களின் நுழைவாயிலில் எல்லாம் சிலுவை வேண்டும் என்று பவேரியாவின் சூடர் அரசு சொல்லியிருந்த சமயம். உள்ளே நுழைந்ததும் இடப்பக்கச் சுவரில் வெளிர் மரத்தில் புதுச் சிலுவை. சொரூபம் இல்லை. கீழே தீயணைப்புச் சிலிண்டர், பக்கத்தில் அலுவலக நேரப் பலகை. ஆணி அடித்தபோது உதிர்ந்த சுண்ணாம்புத் தூள் சிலிண்டரின் கழுத்தில் அப்படியே கிடந்தது. நீங்கள் தொப்பியைக் கழற்றவில்லை, நெற்றியில் சிலுவை போடவில்லை. போனை எடுத்துப் படம் பிடித்தீர்கள். "பாத்தியா, இங்க இன்னும் வெக்கப்படாம மாட்டுறான்" என்றீர்கள். எங்களுக்கு முன்னால் வரிசையில் முக்காடு போட்ட ஒரு பெண் நின்றார், கையில் ஒரு பிளாஸ்டிக் உறை நிறையக் காகிதங்கள். நீங்கள் தமிழில்தான் பேசினீர்கள், ஆனால் நீங்கள் சிலுவையைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்த பார்வைக்கு மொழி தேவைப்படவில்லை. அவர் உறையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நான் எதுவும் சொல்லாமல் நம்பர் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா கட்டிலுக்கு மேலே ஒரு சிலுவை உண்டு, போன வருடக் குருத்தோலை செருகியது. அப்பா கடலுக்குப் போன காலத்தில் அம்மா காற்றடிக்கும் ராத்திரிகளில் எழுந்து அதைத் தொட்டுவிட்டுப் படுப்பாள். அதைக் கொண்டு அம்மா யாரையும் மிரட்டியதில்லை. அந்த வாரம் மியூனிக் பேராயர் கர்தினால் மார்க்ஸின் கருத்தை உங்களுக்கு அனுப்பினேன்: சிலுவையை வெறும் கலாச்சார அடையாளமாகப் பார்ப்பவர் அதைப் புரிந்துகொள்ளவில்லை, இந்த உத்தரவு பிளவைத்தான் கொண்டுவந்திருக்கிறது. "சாமியார்களுக்கு அரசியல் தெரியாது" என்று பதில் போட்டீர்கள்.

எனக்கு எரிச்சல் இதில்தான். ஊரில் இருந்தவரை இது வெள்ளைக்காரன் மதம் என்று கேட்டுக் கேட்டுச் சலித்தோம். இங்கே வந்தால் நீங்களே அதை வெள்ளைக்காரனுக்கு எழுதிக் கொடுக்கிறீர்கள். நம் முத்துக்குளித்துறைக்காரர்கள் ஞானஸ்நானம் வாங்கியது 1530களில், சவேரியார் வருவதற்கும் முன்னால். மேற்கைக் காப்பாற்றவா வாங்கினார்கள்? அவர்களுக்கும் கணக்கு இருந்தது, போர்த்துகீசியன் பாதுகாப்பு வேண்டியிருந்தது, அது வேறு கதை. ஆனால் அந்தக் கணக்கு போய் 350 வருடத்துக்கு மேல் ஆன பிறகும் அம்மா எழுந்து தொடுகிறாள்.

லைப்சிக்கைச் சொல்வீர்கள். சரி, நானும் சொல்கிறேன். 1989 அக்டோபர் 9, அந்தக் கிழக்கு ஜெர்மன் ஊரில் நிக்கோலாய் கோயிலிலும் பக்கத்துக் கோயில்களிலும் ஜெபம் முடிந்து வந்தவர்களோடு எழுபதாயிரம் பேர் கம்யூனிஸ்ட் அரசை எதிர்த்துத் தெருவில் நடந்தார்கள், ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை. அதில் பாதிக்கு மேல் கடவுளை நம்பாதவர்களாக இருந்திருப்பார்கள். கோயில் அவர்களுக்குக் கதவைத் திறந்தது, அவ்வளவுதான். மேற்கின் விழுமியங்கள் என்று நீங்கள் சொல்வது ஏதாவது இருந்தால் அன்றைக்கு அது அங்கே இருந்தது. நம் வரி அலுவலகச் சுவரில் இல்லை.

நான் விலகிய காரணம் வேறு. மியூனிக் மறைமாவட்டத்தில் பிள்ளைகளுக்கு நடந்த பாலியல் கொடுமை பற்றி 2022 ஜனவரியில் வந்த அறிக்கையை இரண்டு பேரும் சேர்ந்துதான் பார்த்தோம், பாதிக்கப்பட்டவர்கள் குறைந்தது 497 பேர். மீதி உங்களுக்குத் தெரியும், இங்கே வேண்டாம். அன்றைக்கும் நீங்கள், "இப்ப விட்டா மத்தவன் உள்ள வந்துருவான்" என்றீர்கள். அந்தப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் வந்த முதல் குளிர்காலத்தில் நடு ராத்திரிப் பூசைக்காகப் பனியில் காரோட்டி வந்து, வெளியே காருக்குள்ளேயே தூங்கிய அதே அண்ணன்.

ஞானத்தாயாக மதினியின் தங்கையை வைத்துக்கொள்ளுங்கள். அவளும் பூசைக்குப் போவதில்லை, வரி மட்டும் கட்டுகிறாள், சட்டப்படி ஒரு குறையும் இல்லை. நான் வருவேன். பாப்பாவின் வெள்ளைக் கவுனுக்கு அம்மா லேஸ் அனுப்பியிருக்கிறாள், அளவு மட்டும் மதினியை அனுப்பச் சொல்லுங்கள். சாமியார் நற்கருணை கொடுக்கும்போது நான் எழுந்து வரமாட்டேன், அப்போது நீங்கள் போய் வாங்கிவிட்டு வந்து என்னைப் பார்க்காதீர்கள்.

உங்கள் தங்கச்சி